தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்

சஸ்காட்டூனில் யாரையாவது நிறுத்தி, அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். "ரெஜைனாவா? இரண்டரை மணி" என்பார்கள். பனி கொட்டும் மாதமென்றால் "மூன்றரை வைத்துக்கொள்" என்பார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு, யாராவது தூரத்தை நேரத்தில் சொன்னாலே சந்தேகம் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் "இதோ ரெண்டு நிமிஷம்" என்பது ஒரு மரியாதைச் சொல், அவ்வளவுதான். ஆனால் இங்கே இரண்டரை என்றால் இரண்டரைதான். நான் பலமுறை கடிகாரம் வைத்துச் சோதித்திருக்கிறேன். சாலை நேர்கோடு, இருபக்கமும் கோதுமை, குறுக்கே வர ஒரு மாடுகூட இல்லை. பொய் சொல்வதற்கு அந்த நிலத்தில் இடமே கிடையாது.

நான் வேலை செய்தது ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில். என் பக்கத்து மேசை டேலுக்கு. நல்லவன், பேச ஆரம்பித்தால்தான் தொல்லை. ஒருநாள் காபி இடைவேளையில், உன் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அட்லஸ் பார்த்து நானே கணக்குப் போட்டு வைத்திருந்த விடையைச் சொன்னேன்: நேர்கோட்டில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். டேல் கண்ணைக் கொட்டினான். "அதில்லை, எவ்வளவு தூரம்?" என்று மறுபடியும் கேட்டான். புரிந்துகொண்டு, ஆகாயத்தில் இருபத்து மூன்று மணி நேரம், விமான நிலையங்களில் காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் ஒன்றரை நாள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானா! அப்படியானால் ஒரு நீண்ட வார இறுதிக்கே போய் வரலாமே!" என்றான். அவனுடைய தாய் வடக்கே ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சிற்றூரில் தனியாக இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போவான். அதையும் ஒரு பெரிய பயணம் போல, டயர் மாற்றி, தெர்மாஸ் நிரப்பிக்கொண்டு போவான். ஒன்றரை மணி நேரத்தில் பெற்றவளை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை! கையிலிருந்த காபி கசந்தது. அன்றைய நாட்குறிப்பில், 'இவர்களுக்கு மனித மனம் என்று ஒன்று இருக்கிறதா?' என்று எழுதினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, என் தங்கை லில்லியின் கணவர் சாம்சன் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். குரோம்பேட்டையில் குடித்தனம், பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், மீதி நேரத்தில் மனைத் தரகு.

"மச்சான், சூப்பர் எடம் ஒண்ணு மாட்டியிருக்கு. தாம்பரத்துலேர்ந்து பத்தே நிமிஷம். ஏர்போர்ட்டுக்கு நேர் ரோடு. நீங்க ஃப்ளைட்ட விட்டு எறங்கினா நேரா வீட்டு வாசல்தான்."

"எதில் பத்து நிமிஷம், மாப்பிள்ளை? பஸ்லயா, ரயில்லயா, நடந்தா?"

"ஐயோ மச்சான், எதுக்கெடுத்தாலும் கணக்கு வாத்தியார் மாதிரி! அத்தை சரின்னுட்டாங்க. சேலையூர் வீட்டுக்குப் பார்ட்டி ரெடி. வித்துட்டு இங்க புதுசா கட்டிக்கலாம்."

சேலையூர் வீடு என்பது தாம்பரத்துக்குக் கிழக்கே, கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில் அப்பா கட்டியது. அவர் போன பிறகு அம்மா அதில் தனியாக இருந்தாள். முப்பது வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள்; அப்போது அறுபத்தெட்டு வயது. துருவிக் கேட்டதில் இடம் தெரிந்தது. அவளை அந்த வீட்டிலிருந்து கிளப்பி, தாம்பரத்துக்கு வெகு தெற்கே கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே எங்கோ உள்ளே தள்ளிய ஒரு பொட்டலில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள். அந்தப் பொட்டலுக்குப் பெயர் 'பத்தே நிமிடம்'. போனை வைத்தபோது என் காது கூசியது. மறுநாளே விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்து அந்தப் பத்து நிமிடத்தைக் கடிகாரம் வைத்து உடைத்துக் காட்டிவிட வேண்டும். எனக்கு இருந்த நோக்கம் அது ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்த அன்று காலைப் பலகாரத்துக்கு எல்லோரும் சேலையூர் வீட்டில் கூடியிருந்தார்கள். சாம்சன் என் பயணச்சீட்டை வாங்கி, வேதபாடம் வாசிப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்.

"பாருங்க அத்தை. திரும்பிப் போறப்ப பம்பாயில ஏறுறது பதினேழாம் தேதி. அந்த ஊர்ல எறங்குறதும் பதினேழாம் தேதி. ஒரே நாள்! நம்ம நாகர்கோவில் பஸ்ஸே ராத்திரி ஏறினா மறுநாள்தான் எறக்கி விடும். நான்தான் சொன்னேனே, உங்க மகன் ஒரு நாள் தூரத்துலதான் இருக்காருன்னு."

"அப்ப வர்றதுக்கு?" என்றாள் லில்லி.

"அதத்தான் பாக்குறேன். திங்கக்கிழமை கிளம்பி, புதன்கிழமை. போறதுன்னா மச்சானுக்கு பிளேன் பறக்குது. நம்மளப் பாக்க வர்றதுன்னா மாட்டுவண்டி கட்டிக்கிட்டு வருது!"

லில்லிக்குச் சிரிப்பில் புரையேறியது. நான் பொறுமையாக விளக்கினேன். மேற்கே போகும்போது சூரியனோடு கூடவே ஓடுகிறோம், ஆகவே கடிகாரம் பின்னால் போகிறது. கிழக்கே வரும்போது முன்னால் போகிறது. ஏறும் மணியை இறங்கும் மணியிலிருந்து கழித்தால் பயண நேரம் வராது. பம்பாயிலிருந்து போனாலும் வந்தாலும் கிட்டத்தட்ட முப்பது மணிதான். சாம்சன் சீட்டைத் தட்டிக் காட்டினார். "அப்ப கம்பெனிக்காரன் பொய்யா போட்டிருக்கான்?" அம்மா என் தட்டில் இன்னும் ஓர் இடியாப்பத்தை வைத்தாள். அவள் கோயிலில் எல்லோரிடமும் "பையன் ஒரே நாள் தூரம்தான்" என்று சொல்லி வைத்திருப்பதாக லில்லி சொன்னாள். படித்தவளையே இப்படி ஏமாற்றி வைத்திருக்கிறாரே என்று எனக்கு இடியாப்பம் இறங்கவில்லை.

பிறகு விளம்பரத் தாளை நீட்டினார். வழவழப்பான தாள், ஐந்தாறு வண்ணம். தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோடு ஒரு சிவப்பு நாடாவாக ஓடியது. விமான நிலையத்துக்கும் மனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம்தான் இடைவெளி. மனைக்கு மேலேயே ஒரு விமானம், வயிறு தரையில் உரசுகிற மாதிரி. 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்' என்பது தடித்த எழுத்தில். கீழே, 'கூப்பிடு தூரத்தில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை.' ஒரு பொய்யைவிட, அதைப் பூப்போட்ட ஓரத்தோடு அச்சடித்து, சொந்த மாமியாருக்கே கொடுப்பதுதான் எனக்குக் குமட்டியது. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது 'கூப்பிடு தூரம்' என்பது வீட்டுக்குள் புழங்கும் அளவு. கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் விளையாடு என்பாள் அம்மா. அதைத் தாண்டினால் அடி விழும். அந்த அளவைப் பிடுங்கி ஒரு தரகர் வண்ணத்தாளில் ஒட்டியிருக்கிறார்.

"நாளைக்கு நானும் அம்மாவும் போய்ப் பார்த்துட்டு வர்றோம்" என்றேன்.

"கார் சொல்றேன் மச்சான்."

"வேண்டாம். அம்மா அங்கே குடியிருந்தால் எப்படிப் போக வேண்டியிருக்குமோ அப்படிப் போறோம்."

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். கேம்ப் ரோட்டில் பஸ் வந்து, தாம்பரம் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் சேலை கசங்கிவிட்டது. நிலையத்து மேம்பாலத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. படியோரங்களில் வெற்றிலைச் சாறு அடுக்கடுக்காகக் காய்ந்து, ஒரு வண்ணப்பூச்சு போலவே ஆகிவிட்டிருந்தது. மூத்திர வாடை கண்ணைக் கரித்தது. கைப்பிடியை யாரும் தொடுவதில்லை, ஏன் என்று தொட்ட பிறகுதான் தெரிந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினேன். அம்மா ஒரு கையில் குடையும் மறுகையில் சேலை மடிப்புமாக, மூன்றாம் வகுப்பை வரிசையில் நடத்திப் போகிறவள் போல நிதானமாக ஏறினாள். சீட்டுக்கு வரிசை, வண்டிக்குக் காத்திருப்பு, கூடுவாஞ்சேரிக்குப் பயணம் எல்லாவற்றையும் மனதில் கூட்டிக்கொண்டே வந்தேன். கூட்டக் கூட்ட எனக்கு ஒரு திருப்தி. நேர்மையில்லாத திருப்தி என்று இப்போது தோன்றுகிறது; அன்று அப்படித் தோன்றவில்லை.

கூடுவாஞ்சேரியில் மூன்று ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். நான்காமவர் விளம்பரத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த பிளாட்டு போட்ட எடமா? அது உள்ளாற கீது சார். ஏரிக்கரை மேல போவணும். ரோடே கெடையாது, ஒரே பேஜாரு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னா, ஒரு பத்து நிமிசம்."

அம்மா குடைக்குப் பின்னால் சிரித்தாள். ஆட்டோ ஏரிக்கரையில் குதித்துக் குதித்துப் போனது. ஏரியின் ஒரு மூலையில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். மிச்சத் தண்ணீரில் கொக்குகள் நெருக்கியடித்து நின்றன. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர் கேட்டார்: "இன்னா சார், ஏறனதுலேர்ந்து வாட்சையே பாத்துகினு வர? டூட்டிக்கு லேட்டா?"

"அவனுக்கு அதான் டூட்டி" என்றாள் அம்மா.

வந்து சேர்ந்தபோது வீட்டைவிட்டுக் கிளம்பி இரண்டே முக்கால் மணி ஆகியிருந்தது. அதற்குள் சஸ்காட்டூனிலிருந்து ரெஜைனாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். வாசலில் சிமெண்ட் வளைவு, அதன்மேல் இரண்டு அன்னங்கள். வளைவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரோ வேலியோ இல்லை. வளைவு மட்டும் நின்றது. உள்ளே வெட்டிப் போட்ட பனைமரங்கள், சுண்ணாம்படித்த எல்லைக் கற்கள். பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆட்டுப்பட்டி. மொத்தப் பரப்பிலும் கட்டி முடிந்த வீடு ஒன்றே ஒன்று, நடுவில், பூச்சுப் பூசாமல், சன்னலில் ஒரு நீலத்திரையோடு.

"பார்த்தீங்களாம்மா?" என்றேன். கடிகாரத்தை அவள் முன்னால் நீட்டினேன். "பத்து நிமிஷம்! எவ்வளவு கூசாமல் அச்சடிச்சிருக்காங்க! இதுக்கா அப்பா கட்டின வீட்டை விக்கப் போறீங்க?"

அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குடையை மடக்கினாள். அந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்வரிசைப் பையனுக்கும் கேட்கும் பழைய வகுப்பறைக் குரலில் கூப்பிட்டாள்.

"ஞானம்!"

உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம். "வந்துட்டேன்க்கா!" நீலத்திரை விலகியது. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஓர் அம்மாள் வெளியே வந்தார். ஞானம் டீச்சர். அம்மாவோடு அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுத்தவர், விதவை. போன வருடம் இங்கே இரண்டு அறை கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"இதுக்குத்தான்" என்றாள் அம்மா என்னிடம்.

எனக்குப் புரியவில்லை. அவள் ஓர் எல்லைக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"போன அக்டோபர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்ப்பா. எந்திரிக்க முடியல. கூப்பிட்டேன். இந்தப் பக்கம் மூணு மாடி, அந்தப் பக்கம் நாலு மாடி வந்துருச்சு. அத்தனை சன்னல். ஒரு சன்னல்லயும் காது இல்ல. மோட்டார் சத்தம், டிவி சத்தம். கடைசியில வேலைக்காரி வந்துதான் தூக்கிவிட்டா."

"லில்லிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா குரோம்பேட்டைக்கு வான்னு கூப்பிடுவா. ரெண்டு ரூம்ல நான் எங்க படுக்கிறது?"

"எனக்கு ஏன் எழுதல?"

அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை; தப்புக் கணக்குப் போட்ட பையனின் சிலேட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"எழுதியிருந்தா? இங்க வர ஒன்றரை நாள்தான் ஆகும்னு நீதான் எனக்கு எழுதினே. எந்த ஊர்ல எத்தனை மணி காத்திருக்கணும்னு பிரிச்சுப் பிரிச்சு அழகா எழுதியிருந்தே. அந்தக் கடுதாசி வந்து நாலு வருஷம் ஆச்சு. நீ இப்பத்தான் வந்திருக்கே."

ஞானம் டீச்சர் சட்டென்று திரும்பி, காபி போடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

"மாப்பிள்ளை பத்து நிமிஷம்னாரு, ரெண்டே முக்கால் மணி ஆச்சு. அதுக்கு உனக்கு இவ்வளவு ஆத்திரம் வருது" என்றாள் அம்மா. "உன் ஒன்றரை நாளைப் பத்தி நான் எப்பவாவது ஆத்திரப்பட்டேனா?"

"அம்மா, அது விமானத்தோட நேரம்..."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் உலக உருண்டையைச் சுத்திக் காட்டினவ நான். ஒரே தேதியில போய் எறங்கினா ஒரே நாள்னு அர்த்தமில்லைன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு. கோயில்ல நாலு பேர் கேக்குறப்ப சொல்லவும் நல்லா இருந்துச்சு."

டேலின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. டயர் மாற்றி, தெர்மாஸ் நிரப்பிக்கொண்டு கிளம்பும் டேல். வருடத்துக்கு ஒரு தடவை. அவன் தாயிடமிருந்து பார்த்தால் அவன் பன்னிரண்டு மாதத் தொலைவில் இருக்கிறான். நான் நாற்பத்தெட்டு மாதத் தொலைவில். அவன்மேல் எனக்கிருந்த அருவருப்பைத் திருப்பி எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தச் சுண்ணாம்புக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானம் டீச்சரின் காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. குடித்தேன்.

இதனால் எனக்கு சாம்சன்மேல் இருந்த வெறுப்பு தணிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். அன்று மாலை நான் இரண்டே முக்கால் மணிக் கணக்கைச் சொன்னபோது அவர் வெட்கப்படக்கூட இல்லை. "மச்சான், ரோடு வரப்போவுது, ஸ்டேஷன் வரப்போவுது. அப்ப பத்து நிமிஷம் ஆயிரும்" என்றார். வராத சாலையில், வராத வண்டியில் பத்து நிமிடம். அதற்கு இன்று விலை. மனைக் கம்பெனிக்காரர்கள் தன்னிடம் தள்ளிவிடச் சொன்ன வளைவோர மூலை மனையைத்தான் அம்மாவுக்கென்று ஒப்பந்தத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது வேண்டாம் மாப்பிள்ளை. ஞானம் வீட்டுக்கு ஒட்டின மனை."

"அத்தை, அது வாஸ்து சரியில்ல..."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் பாட்டுப் புத்தகம் தூக்கிட்டுப் போற நமக்கு எதுக்கு வாஸ்து? கூப்பிட்டா கேக்கணும். அவ்வளவுதான்."

சாம்சன் என்னைப் பார்த்தார், நான் அவருக்கு உதவிக்கு வருவேன் என்பது போல. நான் பேனாவை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். கூட்டிக்கழித்து வைத்திருந்த கணக்கெல்லாம் கையில் அப்படியே இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. அப்பாவின் வீட்டை வாங்கியவர் மறுவாரமே வாசல் கதவை அளந்துகொண்டு போனார்.

நான் கிளம்பியது பதினாறாம் தேதி மாலை. பம்பாய் விமானத்தில் இடதுபக்கச் சன்னலோரம் கிடைத்தது. மீனம்பாக்கத்திலிருந்து எழும்பிச் சாய்ந்து திரும்பியபோது தெற்குப் பக்கம் முழுவதும் வெயிலில் கிடந்தது. ரயில் பாதை, அதை ஒட்டி ஜி.எஸ்.டி. ரோடு, உண்மையாகவே ஒரு நாடா போல. தாம்பரம் ஒரு புள்ளி. அதற்கப்பால் கட்டைவிரல் அகலத்தில், மூலை மூடப்பட்ட ஓர் ஏரி, செம்மண், கட்டம் கட்டமாக வெள்ளைக் கற்கள். விளம்பரத் தாளில் வரைந்திருந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். தரையைவிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாம்சன் பொய் சொல்லவில்லை. அந்த வரைபடம் இந்த இருக்கையிலிருந்து பார்க்கிறவனுக்காக வரையப்பட்டது. ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருப்பவனுக்கு எல்லாமே பத்து நிமிடத்தில் இருக்கிறது. என்னைப் போல ஊரைவிட்டுப் போகிறவன்தான் காசு கொடுப்பான் என்று அச்சடித்தவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கட்டங்களில் அம்மாவுடையது எது என்று தேடினேன். நடுவில் சிமெண்ட் நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. ஞானம் டீச்சர் வீடாக இருக்கலாம், ஆட்டுப்பட்டியாகவும் இருக்கலாம். அங்கே இரண்டு பெண்கள் கல்லில் உட்கார்ந்திருந்தால் இந்தச் சத்தத்துக்கு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தியிருப்பார்கள், நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். நான் போகிற சத்தம் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. இறக்கை நிமிர்ந்தது, சன்னலில் வானம் மட்டும் இருந்தது.